ஓசிச் சுவர்

விரல் உள்ளே போகிறது. போன வாரம் ஆதார் கார்டைச் சொருகிப் பார்த்தபோது ஓரம்தான் நுழைந்தது, இன்றைக்கு ஆள்காட்டி விரலே முதல் கணு வரைக்கும் போகிறது, உள்ளே ஈரம், ஜில்லென்று, தூங்குகிற ஆளோட வாய்க்குள் விரலை விட்ட மாதிரி. எடுத்து பேண்ட்டில் துடைத்தேன். மறுபடி விட்டேன். எதுக்கு மறுபடி விடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, பல் ஆடும்போது நாக்கு சும்மா இருக்காதே, அந்த மாதிரி. சுவர் வெடிப்பு தரையிலிருந்து கிளம்பி என் தோள் உயரத்துக்கு வந்து அங்கே இரண்டாகப் பிரிகிறது, இதெல்லாம் அருவிக்குப் பின்னால். அருவி என்றால் படம். அப்பா பொருட்காட்சியில் வாங்கிவந்த பெரிய ஃபிளெக்ஸ் சீனரி, பச்சைப் பாறை, வெள்ளைத் தண்ணீர், கீழே இரண்டு மான். வெடிப்பை மறைக்க நாலு மூலையிலும் ஆணி அடித்து அவரே மாட்டினார். கீழ் ஆணி இரண்டும் தானாகக் கழன்று விழுந்துவிட்டன, சுவர் அவ்வளவு மெத்தென்று இருக்கிறது, மேல் ஆணி ஒன்றிலிருந்து வெடிப்புக்குப் புதுசாக ஒரு கிளை வேறு. "வெயிலுக்கு வெடிச்சிருக்கும்டா, சுண்ணாம்புச் செவுருன்னா அப்படித்தான்" என்றார் அப்பா. வெயிலுக்கு வெடிக்கிற சுவர் எதுக்கு நனைந்திருக்கிறது என்று கேட்டேன். "உனக்கு வாய் மட்டுந்தான் வளந்திருக்குது." அதோடு பேச்சு முடிந்தது. இப்போது அவர் வேனில் நூல் கோன் லோடு ஏற்றிக்கொண்டு சோமனூர்ப் பக்கம் போய்விட்டார், வாடகைக்கு வீடு பார்க்க ஓர் அக்கா வரப்போகிறார், காட்டுகிற வேலை என்னுடையது. எங்கள் வீடு. முதல் சொந்த வீடு. ஆனால் நாங்கள் குடியிருக்கப் போவதில்லை, இதை வாங்க அடகு வைத்த அம்மாவோட கழுத்துச் சங்கிலியை வாடகைக் காசில்தான் மீட்கணும், நாங்கள் இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறோம். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

இந்த வீட்டுக்கு மூன்று சுவர்தான். நாலாவது சுவர் பக்கத்து வீட்டுக்காரனுடையது. அந்தக் காலத்தில் இரண்டு வீட்டுக்காரர்களும் சிநேகிதர்களாம், ஒருத்தன் முதலில் கட்டியிருக்கிறான், அடுத்தவன் அவன் சுவரிலேயே தன் உத்தரத்தை ஏற்றிவிட்டான், சுவர் ஒன்று மிச்சம். அப்போது மில் ஓடிக்கொண்டிருந்தது, வீதி முழுக்க ஆட்கள், சங்கு ஊதினால் டிபன் பாக்ஸோடு ஒரு ஊரே நடக்குமாம். மில்லை மூடினார்கள், வீதி காலி. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது புரோக்கர் வேலுச்சாமி, சொன்ன விதம் வேறு. "அண்ணா, மூணு செவுத்துக்குக் காசு குடுத்துட்டு நாலு செவுத்து ஊட்ல இருக்கப் போறீங்க. நாலாவது ஓசிங் அண்ணா, ஓசி." அப்பாவுக்கு அந்தச் சொல் எப்படிப் பிடித்துப்போச்சு என்று பார்க்க வேண்டுமே. டீக்கடையில் சொன்னார், சித்தியிடம் போனில் சொன்னார், வேனில் ஏறுகிற ஆளிடமெல்லாம் சொன்னார், நாலாவது செவுரு ஓசி. ஓசியில் வருகிறதற்கு நாம் சொந்தக்காரன் கிடையாது, அதைத் தொட முடியாது, பூச முடியாது, இடிக்க முடியாது என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, பொய் எதுக்குச் சொல்ல வேண்டும், நானும் ரெண்டு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். பால் காய்ச்சின அன்றைக்கு அம்மா பாலைப் பொங்கவிட்டாள், பொங்கின பால் அடுப்பிலிருந்து இறங்கித் தரையில் ஓடியது, நேராக இந்தச் சுவரைப் பார்த்து ஓடியது, "கெழக்கால ஓடுது, கெழக்கால ஓடுது, நல்ல சகுனம்" என்று சித்தி கத்தினாள். பால் சுவரடிக்கு வந்தது, ஒரு தடவை நின்று யோசித்த மாதிரி இருந்தது, அப்புறம் உள்ளே போய்விட்டது. தேங்கவே இல்லை. அவ்வளவு பாலும் எங்கே போச்சு? எல்லோரும் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓசி. இந்தச் சொல் என் காதுக்குள் போனால் வெளியே வராது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் கொடுத்தார்கள், பை கொடுத்தார்கள், சீருடை கொடுத்தார்கள். பிளஸ் ஒன்னில் கணக்கு வாத்தியார் என் பேப்பரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்து, "எல்லாமே ஓசில வருது, படிக்கறதுக்கு மட்டும் வலிக்குதா சபரீசு" என்றார். வகுப்பே சிரித்தது. பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். அப்புறம் போகவே இல்லை. அம்மா அழுதாள், அப்பா இடுப்பு வாரைக் கழற்றினார், அடிக்கவில்லை, மாட்டிக்கொண்டார். "சரி, வேன்ல ஏறு" என்றார். ஏறிவிட்டேன். அது போகட்டும், அதை இப்போது எதுக்கு நினைக்கிறேன், சுவரைப் பார்த்தால் அந்த வாத்தியார் நினைப்பு வருகிறது. அப்பா வாடகை வீட்டிலேயே பிறந்து வாடகை வீட்டிலேயே கல்யாணம் பண்ணின ஆள். எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா படி ஏறி வந்து நின்றால் இவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். ஆணி அடிக்கக் கூடாது. மோட்டார் காலையில் ஒரு தடவைதான். ஒறம்பரை, சொந்தபந்தம் வந்தால் ராத்தங்கக் கூடாது. ஈரத்துணியை முன்னால் காயப்போடக் கூடாது. எல்லாத்துக்கும் "சரிங்க்கா." பத்திரம் பதிந்த மறுநாள் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டே சொல்லிப் பார்த்தார், நான் பாயில் படுத்திருந்தேன், தூங்குவதாக நினைத்துக்கொண்டார். "ஆணி அடிக்கக் கூடாதுங்க. மோட்டார் காலைல ஒருக்காத்தான்." அதே ஓனரம்மா குரல், அதே இழுப்பு. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் வேற என்னமோ வந்தது, போர்வையை இழுத்துக்கொண்டேன். ஆணி அடிக்கக் கூடாது என்பது நாட்டிலேயே இந்த ஒரு வீட்டுக்குத்தான் உண்மை. அடித்தது ஓனர்.

அந்தப் பக்கம் மண் உதிர்கிறது. சொரசொரவென்று, யாரோ அரிசியைக் கைமாற்றுகிற மாதிரி. நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன், நின்றுவிட்டது. பல்லியாக இருக்கும். நாயாக இருக்கும், பக்கத்து வீட்டுச் சமையலறையில் ஒரு பெட்டை நாய் குட்டி போட்டிருக்கிறது. வரிசையாக மூன்று வீடு அப்படிக் கிடக்கிறது, கதவும் ஜன்னலும் எவனோ எப்பவோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டான், கண்ணைத் தோண்டி எடுத்த மூஞ்சி மாதிரி மூன்று மூஞ்சி. நடுவீட்டு ஓட்டு மேல் அரசமரம் நம்ம வேனை விட உயரம். குவார்ட்டர் பாட்டில், பழைய பாய், யாரோ விட்டுப்போன ஒரு பிள்ளையின் நடைவண்டி. மூணாவது வீட்டுக்கு முன்சுவர் இல்லை, போன ஐப்பசி மழையில் உட்கார்ந்துவிட்டதாம், வெள்ளாடு ஒன்று உள்ளே ஒதுங்கியிருந்ததாம். முக்குக் கடைக்காரம்மா சொன்னது. நாங்கள் வீடு வாங்கின பிறகு சொன்னது. "முன்னாலயே சொல்லியிருக்கலாமுல்லங்க" என்று கேட்டதுக்கு "நீங்க கேக்கலியே சாமி" என்கிறது அந்தம்மா. ஆடு கத்தினதா என்று கேட்டேன். "கத்தறதுக்கு நேரமெங்க, தும்முனாப்பல ஒரு சத்தம்." அப்போதிலிருந்து யாராவது தும்மினால் எனக்கு முதுகு விறைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனோட மகன் பெங்களூரில் இருக்கிறான், அப்பா நம்பர் வாங்கிப் பேசினார், ஸ்பீக்கரில் போட்டார், நானும் கேட்டேன். அவனுக்கும் அவன் தங்கச்சிக்கும் கோர்ட்டில் வழக்கு நடக்கிறதாம். "என்னால அங்க வந்து ஒண்ணும் பண்ண முடியாதுங்க. நீங்களா ஒரு செங்கல்லத் தொட்டாலும் உங்க மேலயும் கேஸ் போடுவேன்." அப்பா "சரிங்க" என்றார். அந்தப் பழைய சரிங்க. போனை வைத்துவிட்டு வேனைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். அதுதான் எனக்கு ஆகவில்லை. தெரியாத ஆள் என்றால் கத்தலாம், காட்டலாம், கையைப் பிடித்து இழுத்துவந்து வெடிப்புக்குள் விரலை விடச் சொல்லலாம். தெரிந்த ஆளை என்ன பண்ணுவது? சுவர் விழுந்தால் எப்படி விழும்? உள்பக்கம்தான், சாய்வு உள்பக்கம், நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், கீழே ஒட்டுகிறது, மேலே இடைவெளி... இல்லை இல்லை, மேலே ஒட்டுகிறது, கீழே இடைவெளி, எப்படிப் பார்த்தாலும் உள்பக்கம். உள்பக்கம் என்றால் இந்த ரூம். கட்டில் போட இந்த ரூமில் ஒரே இடம்தான் இருக்கிறது, ஜன்னல் அந்தப் பக்கம், கதவு இந்தப் பக்கம், மிச்சம் சுவரோரம். எவன் வந்தாலும் அங்கேதான் போடுவான். நானாக இருந்தாலும் அங்கேதான் போடுவேன்.

"ஏனுங், ஆரு இருக்கறது?" வாசலில் சத்தம். வந்துவிட்டார். அருவியை இழுத்துவிட்டேன், மான்கள் நேராக நின்றன. இடுப்பில் ஒரு கைக்குழந்தை, கையில் ஒரு பெண்பிள்ளை, முதல் வகுப்பு படிக்கிற வயசு, வெயிலில் மூன்று பேரும் சிவந்துபோயிருந்தார்கள். செல்வராணி என்று பெயர் சொன்னார். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தாராம். "ஓனருங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவரே சிரித்தார், "மீசையே மொளைக்கல, அதுக்குள்ள ஓனரு." எங்கப்பாதான் ஓனர் என்றேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது நாக்கில் கல் மாட்டின மாதிரி இருந்தது. அக்கா சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார், பாத்ரூம் கதவைச் சாத்திப் பார்த்தார், தாழ்ப்பாள் விழுந்தது, திருப்தி. பக்கத்து வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் வாசலில் நின்று மூன்று மூஞ்சிகளையும் பார்த்துவிட்டு அப்படியே திரும்புவார்கள், இதுவரைக்கும் வந்த அத்தனை பேரும் அப்படித்தான், ஒரு மீசைக்காரர் வண்டியைக்கூட நிறுத்தவில்லை. இந்த அக்கா வீட்டுக்குள் வந்துவிட்டார். வந்தது எனக்குப் பயமாக இருந்தது. "சாயந்தரமே வந்தர்லாமுங்களா? இன்னைக்கு நாளு நல்லாருக்குது" என்றார். இவ்வளவு அவசரமா என்று கேட்டேன், எனக்குச் சுற்றிவளைத்துக் கேட்க வராது. "அவசரந்தான் கண்ணு. எங்க ஊட்டுக்காரரு சொர்க்க ரதம் ஓட்டறாரு." எனக்குப் புரியவில்லை. "பொணவண்டிப்பா. ஆஸ்பத்திரிலருந்து ஏத்தீட்டுப் போவாங்கல்ல, அது. அதச் சொன்னா எவனும் ஊடு தரமாட்டீங்கறான். சொல்லாம குடி வந்தா ஒரு மாசத்துல தெரிஞ்சு போயி, சாமான வெளிய வெய்யிங்கறான். இப்ப இருக்கற ஊட்ல, அவரு வேலைக்குப் போயிட்டு வந்தா ரோட்லயே குளிச்சுட்டு வரோணும்னு ஓனரம்மா சொல்லுது. ரோட்ல. நாலு பேரு பாக்க." குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினார். "உங்கப்பாகிட்ட எல்லாஞ் சொல்லீட்டனப்பா. அதுக்கென்னங்க, பொழப்புதானுங்கன்னு சொன்னாரு. நல்ல மனுசன். சாமானக்கூட அந்த வண்டிலயே கொண்டாந்தர்லாம், ஓசில வருது. ஆனா வீதியே கதவச் சாத்திக்கும்." சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கிறவரிடம் எப்படிச் சொல்வது. நல்ல மனுசன். அப்பா எதுக்கு அதுக்கென்னங்க என்றார் என்று எனக்குத் தெரியும். வேறு யாரும் வரமாட்டார்கள். அவர் நல்லவராகவும் இருக்கலாம், இரண்டும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம், அதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

"அம்மா, அருவி நனஞ்சிருக்குது" என்றாள் அந்தப் பிள்ளை. இரண்டு உள்ளங்கையையும் மான் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரி பெய்தது வெறும் தூறல், தூறலுக்கே இப்படி. "நெசமாலுமே தண்ணி வருதும்மா." அக்கா கிட்டே போனார். நான் சொல்லணும், இப்போது சொல்லணும், வாய் வளந்தவன்தானே நான், எல்லா இடத்திலும் பேசி அடி வாங்குகிறவன்தானே. அதற்குள் அக்கா பிள்ளையின் கையை எடுத்துவிட்டு அருவியை ஓரமாகத் தூக்கினார். பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். வெடிப்போடு கீழேயிருந்து மேலே கண் போனது, மேலேயிருந்து உத்தரத்துக்குப் போனது, அங்கே நின்றது. வந்தவர்களில் உத்தரத்தைப் பார்த்தது இவர் ஒருத்தர்தான். திரும்ப மெதுவாக இறக்கிவிட்டு, கசங்கின இடத்தைப் புறங்கையால் நீவிவிட்டார், தூங்குகிற குழந்தைக்குப் போர்வை சரிபண்ணுகிற மாதிரி. "இது விழுந்துரும்க்கா" என்றேன். வந்துவிட்டது. "செவுரு எங்களுது இல்ல. பூசவும் முடியாது. அப்பா சொல்லாதன்னாரு." "தெரியுது" என்றார். "போன மழைக்கு ஒரு ஊட்ல இப்படித்தான். மூணு பேரு. அவருதான் ஏத்தீட்டுப் போனாரு. அன்னைக்கு வந்து சோறு திங்கலை." குரல் மாறவே இல்லை, குழாயில் தண்ணீர் வருதா என்று கேட்ட அதே குரல். அப்படியானால் வேண்டாம் என்பார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்புவார், அப்பா என்னைக் கொல்லட்டும் என்று நினைத்தேன், நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கப் பார்த்தது. அவர் ரூமைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தல எந்தப் பக்கம் வெச்சுப் படுக்கலாம், அதச் சொல்லு" என்றார். அவரே சமையலறையை எட்டிப் பார்த்தார். "கட்டில வேணா சமையக்கட்டுல போட்டுக்கலாம். புள்ளைகள அங்க படுக்க வெச்சுக்கறேன். உங்கப்பாகிட்ட நான் பாத்துட்டேன்னு மட்டும் சொல்லீராத கண்ணு, அப்பறம் எதுக்கு வம்புன்னு ஊடு குடுக்கமாட்டாரு." பாத்தேன்னு சொல்லாதே என்று இவர், சொல்லாதே என்று அவர், நடுவில் சுவர் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தெரியாத மாதிரி இருந்தால் அது விழாது என்று நினைக்கிறார்களா, என்ன கணக்கு இது, எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தது.

அப்போது போன் அடித்தது. அப்பா. "வந்துட்டாங்களா?" வந்துட்டாங்க என்றேன். "புடிச்சிருக்குதாமா?" புடிச்சிருக்குதாம். "அப்பறமென்னடா. சாவியக் கையில குடுத்துட்டு வா. பேச்சு வேண்டாம்." பின்னால் லாரி ஹாரன். "செவுரு நனஞ்சிருக்குதுங்ப்பா. விரல் போகுது." லாரி போய்விட்டது. நாயே என்பார், வாயை மூடு என்பார், அதுக்குத் தயாராக நின்றேன், அதெல்லாம் எனக்குப் பழக்கம். "சாமி" என்றார். நான் சின்னப்பையனாக இருக்கும்போது கூப்பிட்டது, காய்ச்சலில் படுத்திருந்தபோது. "உங்கம்மா வெறுங் கழுத்தோட நிக்கறாளே, அவளப் பாரு சாமி. மழைக்கு முன்னால நான் ஏதாவது பண்ணிப்போடறேன். ஆள உட்டு முட்டுக்கொடுத்தாவது... நீ ஒண்ணும் பேசாத. சாவிய மட்டும் குடுத்துட்டு வந்துரு சாமி, அப்பன் சொல்றேன்ல." வைத்துவிட்டார். முட்டுக்கொடுத்தாலும் அந்தச் செங்கல்லைத் தொடணும், தொட்டால் கேஸு. அது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். கெஞ்சாமல் திட்டியிருந்தால் கொடுத்துவிட்டு ஓடிவந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அக்கா கையை நீட்டினார். "குடு கண்ணு. அதான் சொல்லீட்டாருல்ல." மழை வந்தால் என்றேன். "மழை வந்தா நாங்க பாத்துக்கறோம். இப்ப வெயில்ல நிக்கறமே, இத ஆரு பாக்கறது?" எனக்குக் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, அந்தச் சின்னப்பிள்ளை மேல்கூட வந்தது, அது மறுபடி போய் மான் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறது. அக்காவோட சிரிப்பு போய்விட்டது. "பெரிய நல்லவனாட்ட மூஞ்சிய வெச்சுக்காத. நீ குடுக்காட்டி நாளைக்கு உங்கப்பா வந்து குடுக்கப் போறாரு. இன்னைக்கு ராத்திரி நாங்க ரோட்ல குளிக்கற ஊட்டுக்கே போகோணும், அவ்வளவுதான் நீ பண்ணுனது." உண்மை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. நாளைக்கு அப்பா வருவார், கொடுப்பார், இவர்கள் வருவார்கள், சமையலறையில் கட்டில் போடுவார்கள், கொஞ்ச நாளில் அந்த இடம் இடிக்கிறது என்று இந்த ரூமுக்கே இழுத்துப் போடுவார்கள். எனக்கு நல்லவனாகிற ஆசையெல்லாம் இல்லை. சாவி பிடித்த கைதான் நீளவில்லை. அப்பா சொன்னது சின்ன வேலை, சாவியைக் கொடுத்துவிட்டு வரணும். கொடுக்கவும் இல்லை, வரவும் இல்லை.